கேள்வி - பதில்: மீன் சந்தைப் பட்டதாரி

கேள்வி: கென்னடிக்கு முன்னால் அமெரிக்காவில் கத்தோலிக்கர் யாருமே அதிபர் தேர்தலில் நின்றதில்லையா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நின்றார், செம அடி வாங்கினார். ஆல் ஸ்மித் என்று பெயர். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். அந்தச் சந்தைதான் தான் வாங்கிய பட்டம் என்று கிண்டலாகச் சொல்லிக்கொள்வார். நியூயார்க் ஆளுநராக நான்கு முறை ஜெயித்தவரை 1928-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளராக்கியது. அவ்வளவுதான், புளுகு மூட்டைகளை அவிழ்த்துவிட்டார்கள். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஹாலந்து சுரங்கப்பாதை திறந்த புதிது. அதன் படத்தைக் காட்டி, 'ஸ்மித் வந்தால் இது வாடிகன் வரை போகும், போப் இந்த வழியாகத்தான் வருவார்' என்றார்கள். நடுவில் அட்லாண்டிக் என்று ஒரு கடல் கிடப்பது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது! ஓக்லஹோமாவுக்கு அவர் ரயிலில் போனபோது கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் வழியில் சிலுவைகளைக் கொளுத்தி வைத்திருந்தார்கள்.

அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஓட்டில் 444-க்கு 87 என்று தோற்றார். சொந்த மாநிலமே கைவிட்டது. ஆனால் பழி முழுவதையும் மதத்தின் மேல் போட மாட்டேன். மனுஷர் மதுவிலக்கை எதிர்த்தார். தவிர, கையில் காசு புரண்ட காலம் அது. ஆளுங்கட்சியை எதிர்த்து யார் நின்றிருந்தாலும் கஷ்டம்தான்.

கேள்வி: போப் சொன்னபடி ஆடுவாரா என்று ஒரு வேட்பாளரைக் கேட்டால் என்ன தப்பு?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: எல்லாரையும் கேட்டால் தப்பில்லை. ஸ்மித்தைத் தோற்கடித்த ஹூவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர். 1960-ல் கென்னடியை எதிர்த்த நிக்சனும் குவேக்கராக வளர்ந்தவர். போரே கூடாது என்பது அந்தச் சபையின் பழைய கொள்கை. முப்படைக்கும் தலைவராகப் போகிறவர் சண்டை வந்தால் என்ன செய்வார் என்று அவர்களை யாரும் இந்த அளவுக்குக் குடையவில்லை. கென்னடிதான் செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில், ரைஸ் ஹோட்டலில், புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. 'நான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன்' என்று விளக்கினார். போரில் செத்த அண்ணனைப் பற்றியும் சொன்னார். பதவிக்கு மதத்தை நிபந்தனையாக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. வாக்காளர் மனதுக்குள் அது எப்படி நுழையும்?

கேள்வி: இப்போதும் அப்படித்தானா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: கத்தோலிக்கரான பைடன் 2020-ல் ஜெயித்தபோது சுரங்கக் கதையெல்லாம் எடுபடவில்லை. இப்போது இடி வேறு பக்கத்திலிருந்து, சொந்தச் சபையிலிருந்தே. 2004-ல் ஜான் கெர்ரி நின்றார், கத்தோலிக்கர்தான். ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். அவருக்கு நற்கருணை கொடுக்க மாட்டேன் என்றார் செயின்ட் லூயிஸ் பேராயர் ரேமண்ட் பர்க். அந்தத் தேர்தலில் கத்தோலிக்கர் ஓட்டை அதிகம் அள்ளியது மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த புஷ்.