கலப்பெண் மடக்கையில் வரும் 6.28 தாவல்

வணக்கம். காரைக்குடி ஆய்வகத்தில் எஃகு மாதிரியில் அளந்த இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடை) மதிப்புகளை எம்கேஎல் என்ற இன்டெல் கணித நிரல் நூலகத்தின் கலப்பெண் மடக்கைச் செயற்கூறுக்குக் கொடுத்தால், கற்பனைப் பகுதி ஓரிடத்தில் 6.28 அளவுக்குத் தாவுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நூலகத்தில் பிழை இல்லை. மடக்கையின் கற்பனைப் பகுதி என்பது அந்தக் கலப்பெண்ணின் கோணமே; 6.28 என்பது ஒரு முழுச்சுற்று. நூலகம் முதன்மை வீச்சை மட்டுமே, அதாவது −180 பாகை முதல் 180 பாகை வரையிலான கோணத்தையே, ரேடியனில் தரும். உலோகத்தின் மேல் காப்புப் படலம் உருவாகும் மின்னழுத்தத்தில் இம்பீடன்ஸின் மெய்ப்பகுதி எதிர்க்குறியாவது உண்டென்பதால், உங்கள் புள்ளிகள் மெய் அச்சின் எதிர்ப்பக்கத்தைக் கடக்கும்போது கோணம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடுகிறது. மெய்ப்பகுதி −5 ஆகவும் கற்பனைப் பகுதி 0.01 ஆகவும் உள்ள எண்ணுக்கு 3.1396 வரும்; 0.01ஐ −0.01 ஆக்கினால் −3.1396 வரும். சோதித்துப் பாருங்கள்.

அலைவெண் வரிசையில் அடுக்கிய பிறகு, நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்தில் இத்தகைய தாவல்களை நீக்கும் அன்ராப் (unwrap) செயற்கூறைக் கற்பனைப் பகுதியின் மேல் மட்டும் இயக்குங்கள். வரிசை கலைந்திருந்தால் திருத்தம் தவறான இடத்தில் விழும். புள்ளிகள் எல்லாமே அந்த எதிர்ப்பக்கத்தை ஒட்டியிருந்தால், இம்பீடன்ஸ் அணியை −1ஆல் பெருக்கி மடக்கை எடுத்து, கற்பனைப் பகுதியுடன் π-ஐக் கூட்டுவதே மேல் என்பது என் கருத்து. அங்கே தாவலுக்கே இடமில்லை. எம்கேஎல்லின் துல்லிய முறையை ‘இபி’ (EP, வேகம் கூடி துல்லியம் குறைந்தது) என்று வைத்திருந்தால் அதையும் ‘எச்ஏ’வுக்கு (HA, உயர் துல்லியம்) மாற்றிவிடுங்கள்.