அபராதம் கட்டியாச்சு, அத்தோடு முடிந்ததா?

கேள்வி: பள்ளத்தூர்க்காரன் நான். வயது 29. கல்யாணச் சமையலுக்கு அண்டா, அடுப்பு ஏற்றிப் போகும் லோடு வண்டி ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு ஒரு குவாட்டர் குடித்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை 4 மணிக்குக் கோட்டையூர் பக்கம் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 58 காட்டியது. தெளிவாகத்தான் இருந்தேன். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டினேன். லைசென்ஸை 6 மாதம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வண்டி மச்சானுடையது. ‘ஊர் ரோட்டில் ஓட்டு, யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்கிறார். சிங்கப்பூர் வேலைக்கு முயற்சி செய்கிறேன். பெண்ணும் பேசி வைத்திருக்கிறார்கள். அபராதத்தோடு இது முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை தம்பி. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரியாமல் இன்னொரு குழியில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த 58. ரத்தத்தில் 100 மில்லிக்கு ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆளின் ரத்தத்தில் அது 130-க்கு மேல் ஏற்றிவிடும். ஈரல் மணிக்கு 15 அளவில்தான் அதைக் கரைக்கும். 11 மணியிலிருந்து 4 மணி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், 60 பக்கத்தில் வந்து நிற்கும். மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் பச்சைத் தண்ணீர் எதுவும் அதை வேகப்படுத்தாது. தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது போல் இருப்பது உங்கள் நினைப்பு. கண்ணும் கையும் இன்னும் தெளிந்திருக்காது. கவுனி அரிசி வேகவைக்க விடியுமுன் அடுப்பு மூட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு, முதல் நாள் ராத்திரிக் குடிதான் பெரிய ஆபத்து.

அடுத்து, மச்சான் பேச்சு. கேட்காதீர்கள். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன காலத்தில் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வண்டியைக் கொடுத்ததற்கு மச்சான் மேலும் வழக்கு வரும். அதைவிட மோசம் விபத்து. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சேதப் பணம் தராது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தாலும், அதை மச்சானிடமிருந்து வசூலிக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உயிர் போய்விட்டால், கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்று எடுத்துக்கொண்டாலே புதிய குற்றவியல் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை. 6 மாதத்துக்கு ஒரு டிரைவரை வைத்து, நீங்கள் கூடவே போய் அண்டா இறக்குங்கள். கூலி போகும், சரி. தொழில் கையில் இருக்கும். சஸ்பெண்ட் உத்தரவு கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. அதற்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லை என்றால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

நீங்கள் கட்டிய 10,000, ஹெல்மெட் போடாததற்குக் கட்டுகிற பணம் மாதிரி இல்லை. ஒப்புக்கொண்டதால் நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று பதிந்திருக்கிறது. இன்னொரு முறை மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். அபராதத்தோடு முடிந்த வழக்கு பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணமாகாது. வழக்கு நிலுவையில் இருந்திருந்தால்தான் சிக்கல். ஆனால் சிங்கப்பூர் வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தில் எந்த நாட்டிலாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்று ஏஜென்ட் எழுதச் சொன்னாலும் எழுதாதீர்கள். அங்கே பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். உண்மையை எழுதினால் மறுக்கலாம், மறுக்காமலும் போகலாம். பொய் எழுதிவிட்டால் மாட்டிக்கொள்வது எப்போது என்ற பயத்தோடேயே அங்கே இருக்க வேண்டும்.

பெண் வீட்டுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். கல்யாண வேலைக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் உங்கள் பெயர் அடிபடாமல் இருக்காது. மூன்றாவது ஆள் வாயிலிருந்து கேட்டால், ‘குடிகாரன்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகும். பெண்ணின் அப்பாவிடம் தனியாகப் போய் உட்கார்ந்து, கோர்ட் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ‘தெளிவாகத்தான் இருந்தேன்’ என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். பெண்ணுக்கும் தெரிய வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதையும் அப்பாவிடமே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மறுநாள் 4 மணிக்கு வேலை இருக்கும் என்று தெரிந்தும் 11 மணிக்குக் குவாட்டரை எடுத்தீர்கள். அது அந்த ஒரு நாள்தானா, தினமும் அப்படியா? தினமும் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். போனில் பேசினால் போதும் என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இரவிலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.