இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் மொட்டைமாடியில் ரோஜா, கறிவேப்பிலை, குண்டுமல்லி, செம்பருத்தி, துளசி, கற்றாழை, தக்காளி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் காலையும் மாலையும் போர் தண்ணீர்தான். ரோஜாவிலும் கறிவேப்பிலையிலும் இலை ஓரம் கருகுகிறது. நர்சரிக்காரர் ‘நுனிக் கருகல் நோய்’ என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். அடித்தும் பயனில்லை. தமக்குத் தெரிந்தவரைக் கொண்டு சாஃப்ட்னர் பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார். எந்தச் செடிக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்?

பதில்: லிட்டர் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் கருகிய இலை ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். நுனியும் ஓரமும் மட்டும் காபித்தூள் நிறத்தில் மொறமொறவென்று காய்ந்து, நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறதா? அது பெரும்பாலும் நோயாக இருக்காது, உப்பாகத்தான் இருக்கும். தொட்டியின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. வெயிலும் தன் பங்குக்குத் தண்ணீரை மட்டுமே எடுக்கிறது. ஆக, உப்புத் தண்ணீரை இரண்டு வேளை ஊற்றுகிற நீங்கள் தொட்டிக்கு இரண்டு வேளை உப்புப் போடுகிறீர்கள். இதற்குப் பூச்சிமருந்து என்ன செய்யும்?

தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர், பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். 450-க்குள் இருந்தால் எந்தச் செடிக்கும் தயங்காமல் ஊற்றலாம். 2000-ஐத் தாண்டினால் அரளி, காகிதப்பூ போன்ற முரட்டுச் செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடைப்பட்ட அளவில்தான் சாமர்த்தியம் வேண்டும். போர் தண்ணீர் ஏன் உப்பாகிறது? கடற்கரை ஓரத்தில் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்தில் கடல்நீர் புகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நடந்தது இதுதான். அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலையை 2010-இல் திறந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கத் தெரிந்தவர்களுக்கு, நிலத்தடி நீர் கடல்நீராகாமல் காக்கத் தெரியவில்லை.

இப்போது அந்த சாஃப்ட்னர். தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஏஜென்டுகள் காட்டும் வித்தை எல்லா இடத்திலும் ஒன்றுதான். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கி, ‘பாருங்கள், இதில் நுரை வருகிறது’ என்பார்கள். நுரை வரும்தான். தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. அதில் அவ்வப்போது மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டச் சொல்வதும் அதற்காகத்தான். துணி துவைக்க நல்லது, குழாயில் உப்புப் படியாது. செடிக்கோ இது முன்பைவிடக் கேடு. கால்சியமாவது செடிக்கு உணவு. சோடியம் மண்ணை இறுக்கி வேரைக் கெடுக்கும். நம்பிக்கை வராவிட்டால் அவர் முன்னாலேயே, இயந்திரத்துக்குள் போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண் குறையாது. ‘காந்தம் பொருத்தினால் உப்பு உடையும்’ என்பவர் வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். ஆர்.ஓ. கழிவுநீரும் வேண்டவே வேண்டாம். அது உப்பை வடித்துச் சேர்த்த தண்ணீர்.

சரி, எப்படி ஊற்றுவது? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாகக் கொஞ்சம் ஒழுகும்வரை ஊற்றுங்கள். அப்படி ஒழுகும் தண்ணீரோடுதான் உப்பும் வெளியேறும். தினமும் ஒரு சொம்பு ஊற்றி மேல்மண்ணை மட்டும் நனைப்பவர்களின் தொட்டியில் உப்பு நிரந்தரமாகக் குடியேறிவிடும். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒழுகியதைச் செடி மறுபடி உறிஞ்சக் கூடாது.

விரல் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி களிமண்ணோ செம்மண்ணோ கல்போல இறுகிய உருண்டை இருக்கும். நாம் அதைப் பையிலிருந்து எடுத்து, தேங்காய்நார்த் தூள் கலந்த பொலபொலப்பான மண்ணில் அப்படியே வைத்துவிடுகிறோம். ஊற்றிய தண்ணீர் உருண்டைக்குள் நுழையாமல் சுற்றியுள்ள நார்த்தூள் வழியாக ஓடிவிடும். விரலுக்கு ஈரம் தெரியும், துளையிலும் ஒழுகும், வேர் மட்டும் தாகத்தில் தவிக்கும். ரோஜாவில் இதை நிறையப் பார்க்கலாம். ஆகவே புதுச் செடி என்றால் ஒரு குச்சியைத் தண்டுக்கு அருகே, உருண்டைக்குள்ளேயே குத்தி எடுத்துப் பாருங்கள். காய்ந்து வந்தால், தொட்டியைத் தண்ணீர் வாளியில் காற்றுக் குமிழி அடங்கும்வரை இறக்கி வையுங்கள். நடும்போதே உருண்டையை ஓரத்தில் மெல்ல உதிர்த்திருந்தால் இந்தப் பாடு இல்லை. வேர் அறுந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். களிமண் உதிரும் அளவோடு நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. நார்த்தூளையும் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அலசாத கட்டியிலேயே உப்பு இருக்கும்.

இருக்கிற நல்ல தண்ணீரை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியம் தரும் தண்ணீர்) ஒரு குடம் மிஞ்சினால் முதல் உரிமை ரோஜாவுக்கு. உப்பைத் தாங்காத செடி அது. அடுத்து கறிவேப்பிலை. அதற்கு வேரில் தண்ணீர் தேங்கினாலும் ஆகாது, இலை மஞ்சளாகிக் கொட்டும். தக்காளிக்கு நேரந்தவறாமை முக்கியம். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குளிப்பாட்டினால் பழம் வெடிக்கும், அடிப்பாகம் கறுத்து அழுகும். அதற்கும் ‘நோய்’ என்று ஒரு பாட்டில் விற்பார்கள். குண்டுமல்லி மொட்டு விடும் மார்ச் முதல் ஜூன் வரை வாடக் கூடாது. செம்பருத்திக்குக் கோடையில் தாகம் அதிகம்; பெரிய தொட்டி கொடுங்கள். துளசிக்கு விரல் சோதனை போதும். கற்றாழைக்கு வாரம் ஒருமுறையே தாராளம்.

லிட்டர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 12 அங்குலத் தொட்டிக்குக் கத்திரி வெயிலில் ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று லிட்டர். மழைக்காலத்தில் பல நாள் ஒன்றும் வேண்டாம்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. வாளி வைத்துப் பிடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் தொட்டி உப்பைக் கழுவும் பெரிய மருந்து. அந்த மாதங்களில் செடிகளை ஷீட்டுக்கு அடியில் ஒதுக்காமல் நனையவிடுங்கள். டிரம்மில் மழைநீர் பிடித்தால் வலை கட்டி மூடுங்கள், கொசு முட்டையிடும். மாநகராட்சி ஆள் பார்த்தால் அபராதமும் எழுதுவார். தெருமுனையில் வாரக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கு யார் யாருக்கு அபராதம் எழுதுவது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ரோஜா, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு மட்டும் ஒருமுறை, தலா இரண்டு குடம் மெட்ரோ தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். அதன்பின் ஒரு மாதம் எந்த உரமும் போடாதீர்கள், ரசாயன உரமும் உப்புதான். கருகிய இலை மறுபடி பச்சையாகாது; புதுத் தளிரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாட்டிலில் மிச்சமிருக்கும் மருந்தைக் கறிவேப்பிலைமேல் அடிக்கவே அடிக்காதீர்கள், அது நாளை உங்கள் ரசத்துக்குள் வரும்.