தானியேலின் பத்து நாளும் உங்கள் பதினோராம் நாளும்

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "சரீரம் தேவனுடைய ஆலயம், அதை இப்படியா வைத்திருப்பது?" என்று சபையில் ஒரு சகோதரி கேட்டுவிட்டார். வேதாகமத்தில் வரும் தானியேலைப் போல 10 நாள் காய்கறியும் தண்ணீருமாக இருந்தேன். 11ஆம் நாள் யாருக்கும் தெரியாமல் இனிப்பை அள்ளித் தின்றுவிட்டு அழுதேன். நான் செய்வது பாவமா?

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில சர்க்கரை மாத்திரைகள், சாப்பாடு குறைந்தால் இரத்தச் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும்; நடுக்கம், வியர்வை, மயக்கம் வரை போகும். இனி உபவாசம் இருப்பதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இருங்கள். அப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல.

பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவர் நண்பர்கள் மூவரும் ராஜபோஜனத்தை, அதாவது ராஜாவின் பந்தி உணவை, ஒதுக்கியது தீட்டுப்படக் கூடாது என்பதற்காக. உடல் இளைப்பது அவர்கள் நோக்கமே அல்ல. பத்து நாள் கழித்து அவர்கள் சரீரம் 'புஷ்டியுள்ளதாய்' காணப்பட்டது என்றுதான் தானியேல் புத்தகம் முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது! பத்தாம் அதிகாரத்திலோ தானியேல், மூன்று வாரம் துக்கித்த நாட்களில் இறைச்சியும் திராட்சரசமும் தொடவில்லை என்கிறார். அப்படியானால் மற்ற நாட்களில் தொட்டிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

ஆலயம் என்ற வசனம் 1 கொரிந்தியர் 6இல் வருகிறது. பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. சரீரம் கர்த்தருடையது என்பது சாப்பாட்டுக்கும் பொருந்தும்தான். ஆனால் அதே இடத்தில் 'கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே' என்றும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு விலையுயர்ந்தவர் என்று சொல்லும் வசனத்தை, உங்களைக் கூனிக்குறுக வைக்க யாரும் எடுக்கக் கூடாது.

பெருந்தீனியை வேதம் கண்டிக்கிறது, உண்மை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது பத்து நாள் தன்னை ஒடுக்கிக்கொண்ட களைப்பை. சர்க்கரை நோய்க்குப் பரம்பரை, வயது என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் பாவக் கணக்கில் எழுதாதீர்கள்.

உங்களுக்கு நான் காட்ட விரும்புவது எலியா தீர்க்கதரிசியை. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்திருந்தவரைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிரசங்கம் அதற்குப் பிறகுதான்! மனம் உடைந்தவருக்குத் தேவன் முதலில் கொடுத்தது உணவும் உறக்கமும். அந்தக் கையிலிருந்து வாங்குவதாக நினைத்துத் தட்டின் முன் உட்காருங்கள்.

பத்து நாள் சபதம் இனி வேண்டாம். தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். இனிப்புப் பானங்களை முதலில் நிறுத்துங்கள்; பசியை ஆற்றாமலே சர்க்கரையை ஏற்றுபவை அவை. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, 400 கிராம் பழமும் காய்கறியும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பழத்தில் உங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள், சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

'தேனைக் கண்டுபிடித்தாயானால் மட்டாய்ச் சாப்பிடு' என்கிறது நீதிமொழிகள் 25. தேனே கூடாது என்று சொல்லவில்லை. இனிப்பு வேண்டுமென்று தோன்றும் நாளில் ஒளிந்து தின்னாதீர்கள். வீட்டாரோடு மேசையில் உட்கார்ந்து, ஸ்தோத்திரம் சொல்லி, ஒரு சிறு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.