போர்வெல் நீரின் சூடும் எரிமலை நாட்டு மின்சாரமும்

கேள்வி: எங்கள் நிலத்தில் 1,000 அடி ஆழத்துக்குப் போர் போட்டபோது தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. கென்யாவில் பூமியின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்களாமே? ஓர் இடம் அதற்கு ஏற்றதா என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்? வேலூர்ப் பக்கம் அது நடக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இறங்க இறங்கச் சூடு ஏறுவது எல்லா ஊர் நிலத்துக்கும் பொது. வட ஆற்காட்டிலிருந்து பல குடும்பங்கள் தலைமுறைகளாக வேலைக்குப் போன கோலார் தங்கவயல் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதால், குளிரூட்டிய காற்றைச் செலுத்தித்தான் ஆட்கள் வேலை பார்க்க முடிந்தது. உடம்பு தாங்காத அந்தச் சூடும் மின்நிலையத்துக்குப் போதாது. கென்யாவின் ஒல்காரியாவிலோ 2 கி.மீ. ஆழத்திலேயே 250 டிகிரியைத் தாண்டும் கிணறுகள் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் நிலத்தின் மேலோடு இழுபட்டு மெலிந்து, பாறைக்குழம்பு மேலேறி நிற்பதே காரணம்.

சூட்டோடு, அதைச் சுமக்கும் நீரும், நீர் ஓட விரிசலுள்ள பாறையும், ஆவியை அடைக்கும் மூடியும் அமைய வேண்டும். ஆய்வாளர்கள் முதலில் வெந்நீர் ஊற்றுகளின் நீரில் கரைந்துள்ள சிலிக்காவை (மணலில் உள்ள கனிமப் பொருள்) அளக்கிறார்கள். சூடு மிகுந்த நீர் பாறையிலிருந்து அதை அதிகம் கரைக்கும். விரைந்து மேலேறும்போது உடனே இழந்துவிடாது என்பதால், அந்த அளவே ஆழத்தின் வெப்பத்தைச் சொல்லிவிடும். வழியில் நிலத்தடி நீர் கலந்திருந்தால் கணக்கு பிசகும் என்பதால் சோடியம், பொட்டாசியம் விகிதத்தையும் ஒப்பிடுவார்கள்.

அடுத்தது மின்தடை ஆய்வு, அதாவது நிலத்தடிப் பாறை மின்சாரம் பாய்வதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. நம் ஊரில் போர் போடுமுன் நிலத்தில் கம்பி அடித்துப் பார்க்கும் அதே தத்துவந்தான். ஆனால் அங்கே கருவிகளைக் குழியில் புதைத்து, இயற்கையான மின்காந்த அலைகளை இரவு முழுவதும் பதிவுசெய்து, பல கி.மீ. ஆழம்வரை அறிகிறார்கள். வெந்நீரால் பாறை களிமண்ணாகத் திரிந்த மூடி அடுக்கில் மின்தடை குறைந்திருக்கும். சூடு தணிந்த பிறகும் அக்களிமண் அப்படியே கிடக்கும் என்பதால், இந்த ஆய்வு காட்டும் படத்தை மட்டும் நம்பிப் பணம் போடுவது தவறு என்பேன்.

துளையிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒல்காரியாவில் 1950களில் தோண்டிய முதல் இரு கிணறுகள் உடனே பயன் தரவில்லை. 1981இல்தான் 15 மெகாவாட்டில் மின்னுற்பத்தி தொடங்கியது. இன்று கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு புவிவெப்பத்திலிருந்து வருகிறது.

நம் வேலூர்ப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. அடியில் இளம் எரிமலை எதுவும் இல்லை. ஆகவே இங்கே மின்சாரத்தை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவில் அதற்கு நம்பிக்கை தருவது லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. உங்கள் போர் நீரும் நெடுங்காலம் பாறையோடு ஒட்டிக் கிடந்ததுதான். அதில் ஃபுளூரைடு மிகுந்திருக்கக்கூடும். வீட்டில் குடிக்கத் தொடங்குமுன் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.