கருப்பையில் கட்டி இருந்தால் குழந்தை தங்காதா?

'33 வயது, ஸ்கானில் 5 சென்ரிமீற்றர் ஃபைப்ரொயிட் (கருப்பைத் தசையில் வளரும், புற்றுநோயல்லாத) கட்டி இருக்கிறதாம், இனி எனக்குக் குழந்தை தங்குமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டியின் அளவை எழுதியிருக்கிறீர்கள். அது கருப்பையில் எவ்விடத்தில் இருக்கிறது என்பதை எழுதவில்லை. உங்களுக்கு அதை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே ஊகிக்கிறேன், ஏனெனில் எனக்கும் ஏறத்தாழ ஒன்றரை வருடம் எவரும் சொல்லவில்லை.

நான் வைத்தியர் அல்லேன். கொக்குவிலில் வசிக்கும் ஓர் ஆசிரியை. 2015இல், 31 வயதில் திருமணம் செய்தேன். இரண்டு வருடம் கழித்துத் தங்கிய கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அதன்பின் ஒரு தனியார் நிலையத்தில் எடுத்த ஸ்கானில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. ஒன்று உங்களுடையதைப் போல 5 சென்ரிமீற்றர், மற்றையது 2 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அறிக்கையைக் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் உறவிலும் பேச்செல்லாம் அந்தத் தேசிக்காய் அளவுக் கட்டியைப் பற்றியே இருந்தது. கருப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்று, குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்த என்னிடமே ஒரு பெரியம்மா சொன்னார்.

சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று மாமியார் சொன்னதற்காக, ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாகக் கந்தசஷ்டி விரதமும் இருந்தேன். விரதத்தைப் பழிக்கிறேன் என்று எவரும் சண்டைக்கு வரவேண்டாம். இன்றைக்கும் நான் நல்லூருக்குப் போகிறவள்தான். ஆனால் மாதந்தோறும் மிகுந்த இரத்தப்போக்கினால் ஹீமோகுளோபின் 8 ஆகக் குறைந்திருந்த உடம்பை அப்படி வருத்தியிருக்கக் கூடாது என்பதை இப்போது உணர்கிறேன்.

பின்னர் நாங்கள் கண்ட மகப்பேற்று நிபுணர், கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கருப்பையை வரைந்து காட்டினார். வெளிப்புறமாக வளரும் கட்டி பெரும்பாலும் கருத்தரிப்பைப் பாதிப்பதில்லை என்றும், என்னுடைய பெரிய கட்டி அந்த வகை என்றும் விளக்கினார். கரு பதிகின்ற உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தது அந்தச் சிறியதுதான். அத்தகைய கட்டி கரு ஒட்டுவதைத் தடுக்கக்கூடும், கருச்சிதைவுக்கான வாய்ப்பையும் கூட்டும். தசைச்சுவருக்குள்ளேயே இருக்கும் கட்டிகளைப் பற்றி வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவை உட்குழியின் வடிவத்தை மாற்றினாலோ, முட்டை வந்துசேரும் பலோப்பியன் குழாயின் வாயை அடைத்தாலோதான் கூடுதலாகக் கவலைப்படுவார்கள். கருப்பைக்குள் உப்புநீரைச் செலுத்திச் செய்யும் ஸ்கானில் இது தெளிவாகத் தெரியும். உங்களுக்கு அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

வயிற்றைக் கிழிக்காமல், கருப்பை வாய் வழியாகக் கருவியைச் செலுத்திச் சிறிய கட்டியை அகற்றினார்கள். மறுநாளே வீடு வந்துவிட்டேன். பெரியதைத் தொடவில்லை. சுவரை ஆழமாக வெட்டிக் கட்டியை எடுத்தால் தழும்பு ஆறுவதற்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும், பிரசவமும் பெரும்பாலும் சிசேரியனாகவே அமையும். ஆகவே தேவையில்லாததை வெட்டுவதும் இலாபமல்ல என்றார் அவர்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். என் கணவரின் விந்துப் பரிசோதனை, எனக்கு இத்தனையும் செய்து முடிந்த பிறகே நடந்தது, அதுவும் அந்த நிபுணர் வற்புறுத்தியதால். குழந்தையின்மைக்குக் கட்டி மட்டுமே காரணமாக இருப்பது மிகச் சிலருக்குத்தான். முட்டை வெளிவருதல், குழாய்கள், கணவரின் விந்து ஆகியவற்றையும் பார்க்காமல் கட்டியின்மேல் பழியைப் போடுவது பெண்ணின்மேல் பழியைப் போடுவதற்கு இன்னொரு பெயர். அவருக்குக் குறையொன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பரிசோதனைதான் முதலில் நடந்திருக்க வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன்.

2020 ஊரடங்குக் காலத்தில் கருவுற்றேன். ஐந்தாம் மாதத்தில் அந்தப் பெரிய கட்டி கடுமையாக வலித்தது. இரத்த ஓட்டம் போதாமல் கட்டி நலியும்போது வரும் வலி அது என்றார்கள், ஓய்விலும் பனடோலிலும் ஒரு வாரத்தில் அடங்கியது. குழந்தையின் தலை மேற்பக்கமாகவே இருந்துவிட்டதால் சிசேரியன் செய்தார்கள். மகள் இப்போது பாடசாலைக்குப் போகிறாள், கட்டியும் அதே இடத்தில் இருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையை நீட்டி, இது உட்குழியைத் தொடுகிறதா என்று கேளுங்கள். பதிலை இங்கே எழுதினால், என் அனுபவத்தில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று சொல்ல முயல்கிறேன்.