பிளக் இல்லாமல் பற்றும் டீசல்: கேள்வி பதில்

திருச்செங்கோட்டுப் பட்டறையில் போர்வெல் போடும் ரிக் வண்டி, லாரி என்ஜின் வேலை பார்ப்பவரிடம் கேட்டவை.

பல்லடம்: ஏனுங்ணா, டீசல் என்ஜினுக்குப் பொறி விடற பிளக்கே இல்லையே, எப்படிங் பத்துது?

சைக்கிளுக்குக் காத்தடிச்சதும் பம்ப் அடியைத் தொட்டுப் பாருங்க, சுடும். அதேதானுங்க. டீசல் என்ஜின் உறிஞ்சறது வெறும் காத்து. அதை 16, 18 மடங்கு நெருக்கறப்ப 500 டிகிரிக்கு மேல சூடேறும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பீச்சும், பத்திக்கும். பெட்ரோல் என்ஜின்ல பெட்ரோலும் காத்தும் கலந்து நெருங்கும். அங்க இந்த அளவு நெருக்கினா பொறி வர்றதுக்கு முன்னாலயே வெடிச்சு பிஸ்டன் தலை போயிரும். 1897ல ருடால்ஃப் டீசல் ஜெர்மனி ஆக்ஸ்பர்க்ல ஓட்டிக் காட்டின என்ஜின், எரிபொருள் சக்தியில கால் பங்குக்கு மேல வேலையா மாத்துச்சு. அத்தனையும் இந்த நெருக்கத்தோட பலன்.

நாமக்கல்: டீசல்ல தீக்குச்சி போட்டா அணைஞ்சுருது, பெட்ரோல் குப்புனு பத்துது. அப்ப பெட்ரோல்தானே சீக்கிரம் பத்தும்?

குச்சியில பத்தறது ஆவிங்க. பெட்ரோல் எப்பவும் ஆவி விட்டுட்டே இருக்கும். டீசல் நல்லாச் சூடானாத்தான் பத்தற அளவு ஆவி விடும். ஆனா நெருப்பே காட்டாம, வெறும் சூட்டுல தானாப் பத்தறதுல டீசல்தான் முந்தும். 210 டிகிரி வாக்குல போதும்.

ஈரோடு: தோட்டத்து ஆயில் என்ஜின் டீசல் தீந்து நின்னுதுங்ணா. ஊத்தியும் ஸ்டார்ட் ஆகலை.

லைன்ல காத்து நிக்குது அம்மணி. பில்டர்கிட்ட ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, நுரை நின்னு சுத்த டீசல் வர்ற வரைக்கும் விடுங்க. ஒண்ணு மட்டும்: நாசில் பீச்சறதுக்கு முன்னால கையை நீட்டாதீங்க. தோலைத் துளைச்சு உள்ளே ஏறும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா விரலே போயிரும். பட்டா உடனே ஆஸ்பத்திரி.

நாமக்கல்: நம்ப முடியலீங்க. டீசல்ல குச்சி அணைஞ்சதைக் கண்ணால பார்த்தது பொய்யா?

பார்த்தது நெசம், முடிவுதான் தப்பு. பைப் ஒழுகி, சூடான எக்சாஸ்ட் மேல டீசல் சொட்டிப் பத்தின ரிக்கை நானே மண்ணள்ளிப் போட்டு அணைச்சேன். அங்க யாருங்க குச்சி கிழிச்சது?

திருப்பூர்: ஸ்கூட்டர் மைலேஜ் தரலீங்க.

ஸ்கூட்டர் மெக்கானிக்கைக் கேளுங்க.

கோபி: டீசல் வண்டியில பிளக் எங்கீங்க இருக்கு?

பல்லடத்துக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

பொள்ளாச்சி: டீசல் கார்ல பெட்ரோல் ஊத்திட்டாங்க.

சாவியே போடாதீங்க. டேங்கைக் காலி பண்ணுங்க. பம்புக்கு டீசலோட வழுவழுப்புதான் எண்ணெய்.

கரூர்: நிக்கிற லாரி, சாவியை ஆஃப் பண்ணியும் வேகம் ஏறிட்டே போச்சுங்.

காத்தை அமுக்கி உள்ள தள்ற டர்போவோட சீல் போய், என்ஜின் ஆயிலையே குடிக்குது. சாவி டீசலைத்தான் நிறுத்தும், ஆயிலை நிறுத்தாது; அணைக்கறதுக்குப் பொறியும் இல்லை, அதனால சாவி உதவாது. காத்து வாயைக் கனமான பலகையால அடைங்க. கையாலயும் துணியாலயும் வேண்டாம், இழுத்துரும்.